உங்கள் போனுக்குள் நீங்கள் எட்டிப் பார்க்க முடியுமா?

மாஸ்கோவில் இருக்கும் காஸ்பர்ஸ்கி, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் விற்கும் நிறுவனம். அதன் அலுவலகத்தில் ஊழியர்களின் கைபேசிகளுக்கென்றே தனி வைஃபை வைத்திருந்தார்கள். 2023-இல் அந்த வைஃபை வழியே போய்வரும் தரவைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏதோ உறுத்தியது. சில ஐபோன்கள் முன்பின் தெரியாத முகவரிகளோடு பேசிக்கொண்டிருந்தன.

போன்களின் சொந்தக்காரர்கள் சக ஊழியர்கள்தான். போனைக் கேட்டால் கொடுப்பார்கள், கடவுச்சொல்லையும் சொல்வார்கள். கேட்டு வாங்கிப் பார்க்கப்போகிறவர்களோ, உளவு மென்பொருள்களைப் பிரித்து மேய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். ஆனாலும் அந்தப் போனுக்குள் அந்த நிமிடத்தில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியவில்லை. ஐபோனைச் செய்திருக்கும் விதம் அப்படி.

உள்ளே வந்தவனுக்கு அந்தத் தடை இல்லை. மைக்கைத் திறந்து ஒலிப்பதிவு செய்தான், போனில் இருந்த படங்களைத் திருடினான், ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்த்தான். திருடன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான், வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாமல் தெருவில் நிற்கிறார். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு எப்படி இந்த நிலையில் கொண்டுவந்து விட்டது?

முத்திரையும் ஹாஸ்டலும்

போனில் இருக்கும் பூட்டுகளில் இரண்டைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலாவது, முத்திரை. மளிகைக் கடைத் தராசின் எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். முத்திரை இல்லாத கல்லை வைத்து நிறுத்தால் குற்றம். போனிலும் அதே கதைதான். நீங்கள் போனை ஆன் செய்ததும், சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட ஒரு சிறு நிரல் முதலில் எழுந்திருக்கும். அதற்கு பூட் ரோம் என்று பெயர். அதை யாராலும் மாற்ற முடியாது, செய்த நிறுவனத்தாலும் முடியாது. அடுத்து ஓடவேண்டிய நிரலில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால்தான் வழிவிடும். அந்த இரண்டாம் நிரல் மூன்றாவதைச் சோதிக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி இயங்குதளம் வரைக்கும் போகும். ஐபோனில் இது செயலிகள் வரைக்கும் நீளும், கையொப்பம் இல்லாத எதுவும் ஓடாது.

இரண்டாவதை ஆங்கிலத்தில் சாண்ட்பாக்ஸ் என்பார்கள். எனக்கு அது ஹாஸ்டல் மாதிரிதான் தெரிகிறது. ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அறை. தன் அறைச் சாவி மட்டும்தான் அதன் கையில் இருக்கும். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது. கேமரா வேண்டுமா, முகவரிப் புத்தகம் வேண்டுமா, வார்டனிடம் கேட்க வேண்டும். வார்டன் உங்களிடம் கேட்பார். திரையில் "அனுமதிக்கவா?" என்று எட்டிப் பார்க்கிறதே, அது அவர்தான்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஐபோனில் வைரஸ் எதிர்ப்புச் செயலி ஒன்றை நிறுவினால் அதுவும் இந்த ஹாஸ்டலில் இன்னொரு மாணவன்தான். அதற்கும் ஓர் அறை, ஒரு சாவி. பக்கத்து அறையில் வெடிகுண்டு செய்தால்கூட அதற்குத் தெரியாது. கணினியில் இருப்பதுபோல எல்லாக் கோப்புகளையும் துழாவித் தேடும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஐபோனில் இல்லாததற்கு இதுதான் காரணம். காஸ்பர்ஸ்கிக்காரர்கள் தவித்ததற்கும் இதுதான்.

சித்தப்பாவின் சலான்

அப்படியானால் பூட்டே வேண்டாமா? இந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் "வேண்டாம், என் போன், என் இஷ்டம்" என்று சட்டென்று சொல்லியிருப்பேன். சித்தப்பாவிடமிருந்து ஒரு போன் வந்தது, அதோடு அந்த வீராப்பு அடங்கிவிட்டது.

அவருக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி. வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டது, அபராதம் கட்டவும், விவரம் இணைப்பில். இணைப்பின் பெயர் ஆர்டிஓ சலான், வால் ஏபிகே. அதாவது படமோ பிடிஎஃப்போ அல்ல, ஆண்ட்ராய்டில் நிறுவக்கூடிய ஒரு செயலி. அனுப்பியது அவருடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரின் எண். அந்த நண்பரும் இதே மாதிரி ஒன்றைத் தொட்டு மாட்டியவர்தான், பிறகு தெரிந்தது. சித்தப்பா தொட்டார். போன் விடவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, இந்த போன் என்னமோ ஆபத்துன்னு மறிக்குதே, இதை எப்படி எடுக்கிறது?" என்று கேட்டார்.

அந்தச் செயலி உள்ளே போயிருந்தால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டிருக்கும். அப்புறம் வங்கியின் ஓடிபி வந்ததும் அவருக்கு முன்னால் திருடன் படித்திருப்பான். இன்னும் மோசமானவை 'அணுகல்தன்மை' அனுமதியைக் கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்வதற்காக உள்ள வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் இருப்பதைப் பார்க்கவும், உங்கள் விரல் போலவே பொத்தான்களை அழுத்தவும் அதனால் முடியும்.

இந்த மோசடி இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. சிங்கப்பூரில் பலர் இப்படிப் பணத்தை இழந்த பிறகு, 2024 பிப்ரவரியில் அந்நாட்டு சைபர் பாதுகாப்பு முகமையோடு சேர்ந்து கூகுள் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. இணையத்திலிருந்தோ செய்திச் செயலிகளிலிருந்தோ இறக்கிய ஏபிகே, குறுஞ்செய்தி, அறிவிப்பு, அணுகல்தன்மை போன்ற அனுமதிகளைக் கேட்பதாக இருந்தால் நிறுவும்போதே தடுத்துவிடும். பிறகு அது மற்ற நாடுகளுக்கும் வந்தது, இந்தியா உட்பட.

அதனால் பூட்டு வேண்டும். போனை வாங்கி, பெட்டியைப் பிரித்து, அப்படியே பயன்படுத்தும் கோடிக்கணக்கானவர்களுக்குக் கதவு மூடியபடியே வருவதுதான் நியாயம். சாவி யார் கையில் என்பதுதான் தகராறு.

சிறையை உடைத்தவர்கள்

2007-இல் முதல் ஐபோன் வந்தபோது அதில் வெளியார் செயலிகளே கிடையாது. ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் செயலி வேண்டும் என்றவர்கள் ஒரே ஒரு வழியில் போனார்கள். இயங்குதளத்தில் ஓட்டை தேடி, அதன் வழியே நுழைந்து, வார்டனின் சாவிக்கொத்தைக் கைப்பற்றுவது. இதுதான் ஜெயில்பிரேக், சிறையுடைப்பு. ஆண்ட்ராய்டில் இதன் தம்பிக்கு ரூட் செய்வது என்று பெயர்.

ஜெயில்பிரேக்கின் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஆர்வம்தான். ஆனால் விளைவு எப்போதும் ஆர்வத்தோடு நிற்கவில்லை. ஜெயில்பிரேக் செய்தவர்களில் பலர், கணினியிலிருந்து போனுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் என்ற கருவியையும் நிறுவினார்கள். எல்லா ஐபோனிலும் அதன் மூலக் கடவுச்சொல் ஒன்றேதான், 'அல்பைன்'. மாற்றியவர்கள் குறைவு. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் இதைக் குறிவைத்து ஒரு புழு நிரலை எழுதிவிட்டார். அது போனுக்குப் போன் தாவி, திரையில் ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படத்தை ஒட்டியது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மாதமே அதே வழியில் வந்த இன்னொரு புழு நெதர்லாந்தில் வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. 2015-இல் வெளியே தெரிந்த கீரெய்டர் என்ற தீங்கு மென்பொருள், ஜெயில்பிரேக் செய்த போன்களிலிருந்து 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்களைத் திருடியிருந்தது.

ஒரு சம்பவம் மட்டும் இந்தக் கணக்கில் ஒட்டாமல் நிற்கிறது. 2011 ஜூலையில் ஜெயில்பிரேக்மீ என்ற தளத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், பூட்டு உடைந்துவிடும். பிடிஎஃப் கோப்பைப் படிக்கும் இடத்தில் இருந்த ஓட்டை அதற்கு உதவியது. யோசித்துப் பாருங்கள், ஒரு பக்கத்தைத் திறந்தாலே போன் கைமாறும் என்றால் அதே ஓட்டையைத் திருடனும் பயன்படுத்தலாமே? அதை உணர்ந்துதான், ஓட்டையைக் கண்டுபிடித்தவரே அதை அடைக்கும் ஒட்டுப்போடும் நிரலையும் கூடவே வெளியிட்டார். அதை நிறுவ ஜெயில்பிரேக் செய்திருக்க வேண்டும்! ஆப்பிளின் அதிகாரபூர்வத் திருத்தம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் பூட்டை உடைத்தவர் போன் பாதுகாப்பாக இருந்தது, சொன்ன பேச்சைக் கேட்டு உடைக்காமல் இருந்தவர் போன் திறந்து கிடந்தது. அந்தத் தளத்தைச் செய்த இளைஞர் பிறகு ஆப்பிளிலேயே பயிற்சிப் பணியில் சேர்ந்தார்.

சட்டம் என்ன சொன்னது? அமெரிக்காவில் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியிருந்தது. 2010-இல் நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் கைபேசி ஜெயில்பிரேக்குக்கு விலக்கு அளித்தார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கேட்டு வாங்க வேண்டும். 2012-இல் போனுக்குக் கிடைத்தது, டேப்லெட்டுக்கு மறுத்துவிட்டார்கள். ஒரே இயங்குதளம், திரை அகலம் மட்டும் வேறு. 2015-இல்தான் அதைச் சரிசெய்தார்கள், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கும் அப்போதுதான் விலக்கு கிடைத்தது.

ஆய்வாளருக்கு எந்தக் கதவு?

பூட்டு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பவர் கையில் பூட்டைக் கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் சொந்த ஆட்கள் சோதிப்பார்கள்தான். ஆனால் பெரிய ஓட்டைகள் பலவற்றை வெளியார்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2016 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிறைச் சித்திரவதை பற்றிய ரகசியம், இந்தச் சுட்டியைத் தட்டுங்கள் என்று. அவர் தட்டவில்லை. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அதைப் பிரித்துப் பார்த்துத்தான் பெகாசஸ் உளவு மென்பொருள் ஐபோனுக்குள் நுழையப் பயன்படுத்திய மூன்று ஓட்டைகள் வெளியே வந்தன, ஆப்பிள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஒருவர் தட்டாமல் விட்ட ஒரே ஒரு சுட்டி.

2019-இல் ஆப்பிள் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆய்வாளர்களுக்கென்று தனி ஐபோன் தருவோம் என்று அறிவித்து 2020 ஜூலையில் திட்டத்தைத் தொடங்கியது. பார்க்கச் சாதாரண ஐபோன்தான், ஆனால் உள்ளே உங்கள் சொந்த நிரல்களை எந்த அனுமதியோடும் ஓட்டிப் பார்க்கலாம். 12 மாதத்துக்கு இரவல், புதுப்பித்துக்கொள்ளலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. ஓட்டை கிடைத்தால் ஆப்பிளிடம் சொல்ல வேண்டும், அதை எந்தத் தேதியில் வெளியே சொல்லலாம் என்பதை ஆப்பிள் முடிவு செய்யும். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு இந்தக் கடைசி நிபந்தனையைக் காட்டித்தான் ஒதுங்கியது. 90 நாளில் திருத்தாவிட்டால் ஓட்டையை ஊரறியச் சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம்.

இரவல் போன் நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆய்வகத்துக்கான போன். ஒரு பத்திரிகையாளர், "என் போனில் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது" என்று வந்து நின்றால், தடயம் இருப்பது அவர் கையில் இருக்கும் சாதாரண போனில். ஆய்வு போனை வைத்து அதற்குள் பார்க்க முடியாது.

வேறு கதவுகளும் இருந்தன. கோரீலியம் என்ற நிறுவனம் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் ஐபோனை ஓட்டிக் காட்டியது. பிரித்துப் பார்க்கலாம், நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். 2019-இல் ஆப்பிள் வழக்குப் போட்டது. ஃபுளோரிடாவில் நீதிபதி 2020 டிசம்பரில் அது நியாயமான பயன்பாடுதான் என்றார். மேல்முறையீடு, சமரசம் என்று 2023 வரை இழுத்தது. 2019 செப்டம்பரில் ஓர் ஆய்வாளர் வெளியிட்ட செக்மேட் என்ற ஓட்டையோ பூட் ரோமிலேயே இருந்தது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரைக்கும் பொருந்தும். பூட் ரோமை யாராலும் மாற்ற முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் அதன் ஓட்டையையும் யாராலும் அடைக்க முடியாது. பூட்டின் பலமே பலவீனமானது. கேபிள் போட்டுச் செருகினால்தான் வேலை செய்யும் என்பதால் தொலைவிலிருந்து திருட அது உதவாது. ஆனால் கையில் போனை வைத்துக்கொண்டு ஆராய்பவருக்கு வரப்பிரசாதம். அந்த வரம் பழசாகிவிட்டது. ஐபோன் எக்ஸ் ஐஓஎஸ் 16-ஓடு நின்றுவிட்டது, அதற்குப் பின் வந்த பதிப்புகள் அதில் ஏறாது.

ஆண்ட்ராய்டு வழி

ஆண்ட்ராய்டில் பூட்டைத் திறக்க ஓட்டை தேட வேண்டியதில்லை. பல போன்களில் அதற்கென்றே வாசல் வைத்திருக்கிறார்கள். அமைப்புகளுக்குள் போய் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால், "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று போன் பட்டம் கொடுக்கும். ஓஇஎம் அன்லாக் என்ற சுவிட்சைப் போட்டு, கணினியோடு கேபிளில் இணைத்து, ஒரு வரிக் கட்டளை தட்டினால் திரையில் எச்சரிக்கை வரும். ஒலிப் பொத்தானால் தேர்ந்தெடுத்து பவர் பொத்தானால் உறுதி செய்ய வேண்டும். அந்தக் கணம் போனில் உள்ள படம், செய்தி, கணக்கு எல்லாம் அழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை போனை ஆன் செய்யும்போதும், பூட்டு திறந்திருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை வந்துவிட்டுப் போகும்.

முதல் தடவை செய்தபோது இந்த அழிப்பு எனக்கு வேண்டாத தண்டனையாகப் பட்டது. இப்போது அதுதான் இந்த ஏற்பாட்டிலேயே மிகப் புத்திசாலித்தனமான பகுதி என்று நினைக்கிறேன். அழிக்காமல் திறக்க முடிந்தால், பஸ்ஸில் உங்கள் போனை உருவியவனும் திறந்து படித்துவிடுவானே. திறக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, ஆனால் அதனால் திருடனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. எச்சரிக்கைத் திரையும் அப்படியே. சேவைக்குக் கொடுத்த இடத்தில் யாராவது ரகசியமாகத் திறந்து எதையாவது ஏற்றியிருந்தால் ஆன் செய்யும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். கூகுளின் பிக்சலில் இன்னும் ஒரு படி போகலாம். வேறு இயங்குதளத்தை ஏற்றி, அதன் கையொப்பச் சாவியைப் போனுக்குச் சொல்லிக்கொடுத்து, மறுபடி பூட்டிவிடலாம். கிராஃபீன்ஓஎஸ் பயன்படுத்துபவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பூட்டு அதேதான், முத்திரை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்தது.

இந்த வாசல் வரவரக் குறுகிவருகிறது. ஹுவாவே 2018-இல் திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்தியது. சாம்சங் போன்களில் அதிகாரபூர்வமில்லாத மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு சிறு ஃபியூஸ் எரிந்துவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, நாக்ஸ் என்ற சாம்சங்கின் பாதுகாப்பு வசதிகளும் அதோடு போய்விடும். கதவு திறந்தே இருக்கும் போன்களிலும் வங்கிச் செயலிகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவை வழியாக, போன் முத்திரையோடு இருக்கிறதா என்று அவை கேட்டுத் தெரிந்துகொள்ளும். பூட்டைத் திறந்து புத்தம்புதிய பாதுகாப்புத் திருத்தங்களோடு நான் வைத்திருந்த போனில் ஒரு வங்கிச் செயலி ஓட மறுத்தது. மூன்று ஆண்டாக ஒரு திருத்தமும் வராத என் பழைய போனில் அதே செயலி சிரித்த முகத்தோடு திறந்தது. முத்திரையை மட்டும் பார்த்துக் கல்லின் எடையைப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொன்றை அறிவித்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி தருபவர்களும் தங்கள் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்ய வேண்டும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம் என்று. திறந்த மூல செயலிகளைத் தரும் எஃப்-ட்ராய்டு போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். நவம்பரில் கூகுள், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்போம், ஆனால் மோசடிக்காரன் போனில் பேசிப் பேசி ஆளைத் தள்ளிக்கொண்டு போக முடியாதபடி அதை அமைப்போம் என்றது. அது உண்மையிலேயே கடினமான கணக்கு. என் சித்தப்பாவைத் தடுத்த எச்சரிக்கையை நான் இரண்டே நிமிடத்தில் போனிலேயே வழிசொல்லி நீக்கச் செய்திருக்க முடியும். என்னால் முடிந்தது மோசடிக்காரனாலும் முடியும்.

இதற்கு எனக்குப் பிடித்த விடை காத்திருப்பு. ஷாவ்மி போன்களில் பூட்டைத் திறக்க விண்ணப்பித்தால் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம், காத்திருக்க வேண்டி வந்த காலம் உண்டு. எல்லோரும் திட்டினார்கள், நானும்தான். ஆனால் மோசடிக்காரனின் ஒரே ஆயுதம் அவசரம். "இப்பவே கட்டுங்க, இல்லைன்னா போலீஸ் வரும்" என்பவனால் ஒரு வாரம் லைனில் இருக்க முடியாது. உண்மையாகவே போனைத் திறக்க நினைப்பவருக்கு ஒரு வாரம் ஒன்றும் பெரிதில்லை.

மாற்றுவது வேறு, பார்ப்பது வேறு

இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே உரிமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போனை மாற்றும் உரிமை. வேறு செயலி போடலாமா, வேறு இயங்குதளம் ஏற்றலாமா. எனக்கு அதற்கு முன்னால் இன்னொன்று தேவைப்படுகிறது. எதையும் மாற்றாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் உரிமை. ஹாஸ்டலில் எந்த அறைக்குள்ளும் நான் போக வேண்டாம். யார் எப்போது வந்தார்கள், போனார்கள் என்ற வருகைப் பதிவேட்டைக் காட்டினால் போதும்.

அதுகூட இல்லாததால் என்ன ஆகிறது என்று இந்தியாவிலேயே பார்த்தோம். பெகாசஸ் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களை ஆராய்ந்தது. 2022 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. 5 போன்களில் ஏதோ தீங்கு மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திறந்தது என்று பெயரெடுத்த ஆண்ட்ராய்டு இந்த விஷயத்தில் மேல் என்று நினைத்துவிடாதீர்கள். 2021-இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் பாதுகாப்பு ஆய்வகம் சொன்னது நேர்மாறானது. சாதாரண ஆண்ட்ராய்டைவிட ஐபோனில்தான் துப்புத் துலக்கக் கூடுதல் தடயம் கிடைக்கிறது என்றார்கள். பதிவேடு எழுதும் பழக்கம் அதற்கு அதிகம், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து வந்த இன்னொரு மாற்றமும் இந்தப் பார்வையை மறைக்கிறது. உங்கள் போனிலிருந்து ஒரு செயலி வெளியே என்ன அனுப்புகிறது என்று பார்க்க, நீங்களே ஒரு சான்றிதழை நிறுவி, தரவை நடுவில் பிரித்துப் படிக்கலாம். இப்போது செயலிகள் அப்படி நீங்கள் நிறுவிய சான்றிதழை இயல்பாக நம்புவதில்லை. திருடன் நடுவில் புகுவதை அது தடுக்கிறது, உண்மைதான். உங்கள் தகவலை யாருக்கு அனுப்புகிறோம் என்பதை உங்களிடமிருந்தே மறைக்கவும் செயலிகளுக்கு அது உதவுகிறது.

சரி, மாஸ்கோவில் விட்ட கதைக்கு வருவோம். உள்ளே பார்க்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? பதிவேட்டைத் தேடினார்கள். ஐபோனைக் கணினியில் பேக்கப் எடுத்து, ஆம்னெஸ்டி இலவசமாக வெளியிட்ட எம்விடி என்ற கருவியால் அந்தப் பேக்கப்பைத் துழாவினார்கள். எந்த நிரல் எவ்வளவு டேட்டா செலவழித்தது என்ற சாதாரணக் கணக்கில் பேக்கப்ஏஜென்ட் என்றொரு பெயர் இருந்தது. அதற்குச் சற்று முன்பாக, ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில் ஏதோ இணைப்பு வந்துபோன சுவடு. செய்தியோ அழிக்கப்பட்டிருந்தது.

அந்த இணைப்பைப் பிடிக்க அவர்கள் போட்ட பொறி எனக்கு மிகவும் பிடித்தது. தாக்குதல் இணைப்பு மறைகுறியாக்கப்பட்டு வரும், சாவி செய்திக்குள் இருக்கும், தாக்குதல் வென்றதும் செய்தியே அழிந்துவிடும். ஆகவே அது வைஃபை வழியே வரும்போது நடுவில் நின்று சில பைட்டுகளை மட்டும் மாற்றி விட்டார்கள். கெட்டுப்போன இணைப்பு தாக்க முடியாமல் தோற்றது. தோற்றதால் செய்தி அழியவில்லை. அழியாததால் பேக்கப்பில் சாவி கிடைத்தது. நடுவில் பிடித்துவைத்த மூலக் கோப்பை அதால் திறந்தார்கள். நான்கு ஓட்டைகள் வெளியே வந்தன. அதில் ஒன்று, சிப்பில் எந்த ஆவணத்திலும் குறிப்பிடாத சில வன்பொருள் முகவரிகளைப் பயன்படுத்தியது. ஆபரேஷன் ட்ரையாங்குலேஷன் என்று பெயரிட்டு 2023 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் முழுக் கதையையும் சொன்னார்கள். மிகப் பழைய தடயம் 2019-ஐச் சேர்ந்தது. நான்கு ஆண்டு, பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் பையிலேயே.

பார்க்கும் உரிமையைக் கொடுப்பது அவ்வளவு கடினமும் அல்ல. 2025 மே மாதம் கூகுள், ஆண்ட்ராய்டு 16-இன் உயர் பாதுகாப்பு வசதியோடு ஊடுருவல் பதிவேடு ஒன்றையும் கொண்டுவருவதாக அறிவித்தது. ஊடுருவியவனால் திருத்த முடியாது, போனின் சொந்தக்காரர் மட்டுமே திறக்கலாம். ஆப்பிள் 2022-இல் தந்த லாக்டவுன் மோடும் பயனுள்ளது, ஆபத்தில் இருப்பவர் தானே விரும்பிப் பூட்டை இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அது பூட்டுதான், பதிவேடு அல்ல.

ஐபோனில் இருக்கும் பதிவேடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? இரண்டு ஒலிப் பொத்தான்களையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து ஒரு நொடி போல அழுத்தி விடுங்கள், போன் லேசாக அதிரும். கொஞ்ச நேரம் கழித்து அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் அனலிடிக்ஸ் தரவில் சிஸ்டயக்னோஸ் என்று தொடங்கும் ஒரு பெரிய கோப்பு வந்திருக்கும். அதைக் கணினியில் பிரித்தால் உள்ளே ஷட்டவுன்.லாக் என்றொரு சாதாரண எழுத்துக் கோப்பு. போனை அணைக்கும்போது எந்தெந்த நிரல் உடனே நிற்காமல் அடம் பிடித்தது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். 2024 ஜனவரியில் காஸ்பர்ஸ்கிக்காரர்கள் இந்த ஒரு கோப்பை வைத்தே பெகாசஸின் சுவட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். முன்பெல்லாம் பழைய பதிவுகள் மாதக்கணக்கில் அதில் கிடக்கும். 2025 அக்டோபரில் ஐவெரிஃபை என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். ஐஓஎஸ் 26-இல் போனை மறுபடி ஆன் செய்ததும் அந்தக் கோப்பு பழைய வரிகளை வைத்துக்கொள்வதில்லை, புதிதாக எழுதத் தொடங்கிவிடுகிறது.